அழகான சாலையில் ஓட நமக்கும் உரிமை உண்டு



எங்கள் வாசிப்பு வட்டத்தில் சில வாரங்களாக ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. எங்களோடு களப்பணி செய்யும் இளம் தோழர் ஒருவர், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் நடக்கும் 'டூ ஓஷன்ஸ்' அல்ட்ரா மாரத்தானில் ஓட வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பணம் சேர்த்துவருகிறார். மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டர் சொச்சம். அதைவிட நீண்ட ஓட்டத்துக்கு அல்ட்ரா மாரத்தான் என்று பெயர். டூ ஓஷன்ஸ் 56 கிலோமீட்டர். ஒரு முழு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்த சான்று இருந்தால்தான் பதிவே செய்ய முடியும்.

இதற்கு இரண்டு வகையான எதிர்வினைகள் வந்தன. ஒன்று நம் இயக்கத் தோழர்களிடமிருந்து. "வேங்கைவயலுக்கே இன்னும் நீதி கிடைக்கவில்லை, இதில் கடலோர ஓட்டம் ஒரு கேடா?" என்றார்கள். இன்னொன்று அந்தத் தோழர் சேர்ந்து பயிற்சி எடுக்கும் நகரத்து ஓட்டக் குழுவிடமிருந்து. "ஓட்டத்துக்குச் சாதி கிடையாது, நிறம் கிடையாது. அங்கே போய் இயற்கையை ரசித்துவிட்டு வா. அரசியலை இங்கேயே விட்டுவிட்டுப் போ" என்றார்கள்.

இரண்டையும் நாங்கள் மறுக்கிறோம். தோழர் போக வேண்டும், ஓட வேண்டும். ஆனால் அரசியலை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு அந்தச் சாலையில் ஓட யாராலும் முடியாது. ஏனென்றால் அந்தச் சாலையே அரசியலால் போடப்பட்டது.

சாலையின் கதை

'உலகின் மிக அழகான மாரத்தான்' என்றுதான் அந்த ஓட்டத்தை விளம்பரப்படுத்துகிறார்கள். பொய் இல்லை. நியூலண்ட்ஸ் பகுதியில் தொடங்கி, முய்சன்பர்க், கால்க் பே, ஃபிஷ் ஹூக் என்று ஒரு கடலோரமாகப் போய், தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, மறுபக்கம் அட்லாண்டிக் கடலோரமாக ஏறும் பாதை அது. நடுவில் வருகிறது சாப்மன்ஸ் பீக் சாலை. 9 கிலோமீட்டர் நீளம், 114 வளைவுகள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் நேர்கீழே கடல். படம் பார்த்தாலே நமக்கு மூச்சு நின்றுவிடும்.

அந்தப் பாறையைக் குடைந்தவர்கள் யார்? 1915இல் தொடங்கி 1922இல் அந்தச் சாலை திறக்கப்பட்டது. ஏழு வருட வேலையில் சிறைக்கைதிகளின் உழைப்பு பயன்படுத்தப்பட்டது. திறந்து வைத்தவர் பிரிட்டிஷ் அரச குடும்பத்து இளவரசர். அவருடைய பெயர் வரலாற்றில் இருக்கிறது. பாறை உடைத்தவர்களின் பெயர்களை எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் சொல்வதில்லை. கோயில் கட்டியவன், ஏரி வெட்டியவன், அணை கட்டியவன் பெயர் கல்வெட்டில் இல்லாத ஊர்களிலிருந்து வரும் நமக்கு இது புதிதல்ல.

மற்ற ஊர்களையும் பாருங்கள். முய்சன்பர்க், ஃபிஷ் ஹூக் கடற்கரைகள் நிறவெறி ஆட்சிக்காலத்தில் வெள்ளையருக்கு மட்டுமானவை. 1953இல் கொண்டுவரப்பட்ட தனித்தனி வசதிகள் சட்டம் பூங்கா, பேருந்து, கழிப்பறை, கடற்கரை எல்லாவற்றையும் நிறத்தால் பிரித்தது. வெள்ளையருக்கு நல்ல மணற்பரப்பு. மற்றவர்களுக்கு எட்டாத தொலைவில், அலை மோசமான இடத்தில் ஒரு துண்டு. கடல் ஒன்றுதான், கரையில் கோடு போட்டார்கள்.

கால்க் பே ஒரு மீனவ ஊர். அங்கே தலைமுறைகளாக மீன்பிடித்து வாழ்ந்தவர்களை அரசு 'கலர்ட்', அதாவது கலப்பினத்தவர் என்று முத்திரை குத்தியது. 1950ஆம் வருடத்துக் குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ் 1967இல் அந்த ஊர் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பல குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. துறைமுகத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் இருந்தவர்கள் விடாப்பிடியாக நின்று தங்கினார்கள். இன்று ஓட்டக்காரர்கள் அந்த வழியாகப் போகும்போது தெரிகிற வண்ணப் படகுகள் வெறும் காட்சிப் பொருள் அல்ல. இடத்தை விட்டுக்கொடுக்காதவர்களின் படகுகள் அவை. அதே நகரத்தின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியில் 1966க்குப் பிறகு 60,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அவர்கள் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட இடம் நகருக்கு வெளியே காற்றும் மணலும் அடிக்கிற கேப் ஃபிளாட்ஸ்.

ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் தோட்டம் வருகிறது. அதற்குள் ஒரு பழைய வேலி இன்னும் துளிர்த்துக்கொண்டிருக்கிறது. 1660இல் டச்சுக் குடியேற்றத்தின் தலைவர் யான் வான் ரீபெக், அந்த மண்ணின் கோய்கோய் மக்களும் அவர்களுடைய மாடுகளும் தங்கள் எல்லைக்குள் வராமல் இருக்கக் காட்டு வாதுமைச் செடிகளை வரிசையாக நட்டார். மக்களைப் பிரித்து அந்த மண்ணில் போடப்பட்ட முதல் கோடுகளில் ஒன்று அது. இன்று அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். உத்தபுரத்துச் சுவரைப் பார்த்தவர்களுக்கு, அதன் ஒரு பகுதி 2008இல் இடிக்கப்பட்டபோது அங்கே நின்றவர்களுக்கு, இந்த வேலியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிரிவினை சில ஊரில் செங்கல்லாக இருக்கும், சில ஊரில் செடியாக இருக்கும்.

ஓட்டம் முடியும் இடம் கேப் டவுன் பல்கலைக்கழக மைதானம். மேலே படிக்கட்டில் செசில் ரோட்ஸ் சிலை பல பத்தாண்டுகள் உட்கார்ந்து அந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்க நிலத்தைப் பிடுங்கிப் பேரரசு கட்டியவர் அவர். 2015 மார்ச்சில் மாணவர்கள் அந்தச் சிலைக்கு எதிராகக் கிளம்பினார்கள். ஒரே மாதத்தில், ஏப்ரல் 9 அன்று சிலை அகற்றப்பட்டது. மாணவத் தோழர்களே, அந்த ஓட்டத்தின் முடிவுக்கோடு உங்களைப் போன்றவர்கள் இறக்கி வைத்த ஒரு சிலையின் காலடியில் இருக்கிறது. இதைத் தெரியாமல் பதக்கம் வாங்கி வருவதில் என்ன ருசி இருக்க முடியும்?

யார் ஓடினார்கள், யார் ஓட விடப்பட்டார்கள்

முதல் டூ ஓஷன்ஸ் 1970இல் நடந்தது. 26 பேர்தான் ஓடினார்கள். அதைவிடப் பழைய, பெரிய ஓட்டமான 'காம்ரேட்ஸ்' 1921இலிருந்து டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே நடக்கிறது. அந்தக் காம்ரேட்ஸில் 1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பினத்தவர் ஓடி முடித்தார். ஆனால் அதிகாரபூர்வமாக அல்ல. பதக்கம் கிடையாது, முடிவுப் பட்டியலில் பெயர் கிடையாது. கறுப்பினத்தவரும் பெண்களும் அதிகாரபூர்வமாக ஓட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது 40 வருடம். அந்தக் கதவும் யாருடைய மனசும் தானாக இளகியதால் திறந்ததாக நாங்கள் நம்பவில்லை. உலக நாடுகளின் விளையாட்டுப் புறக்கணிப்பு நிறவெறி அரசின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம் அது.

அதற்கு அடுத்த வருடம், 1976இல், லெசோத்தோ நாட்டைச் சேர்ந்த கபஷானே வின்சென்ட் ரகபாயேலே டூ ஓஷன்ஸில் முதலாவதாக வந்தார். அந்த ஓட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அதே 1976இல்தான் சோவெட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. யோசித்துப் பாருங்கள். அவர் முதலாவதாக ஓடிக் கடந்த கடற்கரையில் அவர் இறங்கிக் குளிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. பாஸ் புத்தகம் கையில் இல்லாத கறுப்பினத்தவரைச் சாலையில் பிடித்துச் சிறையில் அடைக்கிற சட்டம் 1986 வரை இருந்தது. ஓட்டத்தன்று கைதட்டல், மறுநாள் 'பாஸ் எங்கே?' என்ற அதட்டல்.

1988இல் தாம்சன் மகவானா இந்த 56 கிலோமீட்டரை 3 மணி 3 நிமிடம் 44 விநாடியில் ஓடினார். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 நிமிடம் 17 விநாடி. நம்மில் பெரும்பாலானவர்களால் அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட முடியாது. அதே வருடம் சியோலில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே அவர் ஓட வழியில்லை. தென்னாப்பிரிக்கா 1964இலிருந்து 1992 வரை ஒலிம்பிக்குக்கு வெளியே நின்றது.

இங்கே ஒரு கசப்பான கேள்வி இருக்கிறது. நிறவெறிக்கு எதிரான புறக்கணிப்பு மகவானா போன்ற கறுப்பின வீரர்களின் வாய்ப்பையும் சேர்த்துத்தானே பறித்தது? பறித்தது. ஆனால் அந்தப் புறக்கணிப்பைக் கேட்டவர்களில் ஒடுக்கப்பட்டவர்களே முன்னணியில் நின்றார்கள். 1973இல் தொடங்கப்பட்ட தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றத்தின் முழக்கம் நம் எல்லோருக்கும் பாடமாக இருக்க வேண்டியது: இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது. தங்கள் வீரர்களின் பதக்கங்களை இழந்தாவது இந்த உண்மையை உலகத்துக்குச் சொன்னார்கள். 'ஓட்டத்துக்கு அரசியல் கிடையாது' என்கிற நகரத்து நண்பர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

கடற்கரையும் குளமும் தெருவும்

1989 ஆகஸ்ட்டில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு உள்ளிட்டவர்கள் கேப் டவுனை அடுத்த வெள்ளையர் கடற்கரைகளுக்குள் கூட்டமாக நடந்து போனார்கள். போலீஸ் சாட்டையும் நாய்களுமாக நின்றது. கடற்கரைக்குப் போவது ஒரு போராட்டமா என்று அன்றும் சிலர் கேட்டிருப்பார்கள். வீடில்லை, வேலையில்லை, வாக்குரிமை இல்லை, இதில் கடலில் கால் நனைப்பது ஒரு கோரிக்கையா என்று.

நமக்கு அந்தக் கேள்வி பழசு. 1927 மார்ச் 20 அன்று மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீர் குடித்தார்கள். தாகம் தீர்க்க மட்டுமா போனார்கள்? பொது இடம் என்று ஒன்று இருந்தால் அது எங்களுக்கும் பொதுதான் என்று நிறுவப் போனார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான் அரசியல் சட்டத்தின் 15(2)ஆவது பிரிவு. கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியின் பெயரால் தடை கூடாது என்று அது சொல்கிறது. அந்தப் பட்டியலில் 'சாலை' இருக்கிறது, கவனியுங்கள். தண்ணீரும் சாலையும் ஒரே வரியில் வருகின்றன.

சட்டம் வந்து எத்தனை வருடம் ஆனாலும் சாலை தானாகப் பொதுவாகிவிடவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். தலித்துகள் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம் என்று தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் எழுதுவதில்லை. செருப்புப் போட்டு நடப்பதற்கே 21ஆம் நூற்றாண்டில் சட்டம் தேவைப்படுகிற நாட்டில், ஷூ போட்டு ஓடுவது சின்ன விஷயமா?

நாம் பேசிக்கொண்டிருக்கும் தோழர் தினமும் விடியற்காலை நாலரை மணிக்குப் பயிற்சிக்குக் கிளம்புகிறார். காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக நேர்வழி ஊர்த்தெரு. ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அவருடைய அம்மா அந்த வழியாக ஓடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "இருட்டுல நம்ம புள்ள ஓடுனா, எதுக்கு ஓடுறான்னு கேக்க மாட்டாங்க சாமி, திருடிட்டு ஓடுறான்னுதான் சொல்லுவாங்க." அதனால் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறார். அந்தச் சுற்று இரண்டரை கிலோமீட்டர். அல்ட்ரா மாரத்தான் ஓடக் கூடுதல் பயிற்சி கிடைக்கிறது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாதி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்த ஒன்றரை கிலோமீட்டரைக் காட்டலாம். வாரத்துக்கு ஆறு நாள் என்று கணக்குப் போட்டால் ஒரு வருடத்தில் எவ்வளவு வரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒரு பெண் தோழர் என்றால் அந்தக் கணக்கு இன்னும் கூடும். பல வீடுகளில் அது தொடங்கும் முன்பே முடிந்துவிடும். ஓட்டத்துக்குச் சாதி இல்லை என்று சொல்லும் நண்பர்கள் காலை ஐந்து மணிக்குத் தங்கள் தெருவில் யாருக்கும் பதில் சொல்லாமல் ஓடுகிறார்கள். அந்த வசதிக்கும் ஒரு சாதி உண்டு.

இந்தியாவின் இரண்டு முகம்

தென்னாப்பிரிக்கா போகும் இந்திய நடுத்தர வர்க்கத்தார் நிறவெறி அருங்காட்சியகத்தில் கண்கலங்கி நின்று படம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நிறவெறிக்கு எதிராக இந்தியா நின்றது என்ற பெருமையும் அதில் இருக்கும். அந்தப் பெருமை நியாயமானதே. 1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை இந்தியா நிறுத்தியது. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் இந்தியா ஆடவே மறுத்தது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி அது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. விளையாட்டில் அரசியல் கூடாது என்று அன்று நம் அரசு சொல்லவில்லை.

27 வருடம் கழித்து, 2001இல், அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு நடந்தது. தலித் அமைப்புகள் பெரும் எண்ணிக்கையில் போய், பிறப்பை வைத்து மனிதரை ஒதுக்கும் சாதியும் இந்த மாநாட்டின் விவாதப் பொருளாக வேண்டும் என்றன. இந்திய அரசு கடுமையாக எதிர்த்தது. சாதி இனம் அல்ல, அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது. மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை. உள்நாட்டு விவகாரம் என்பதுதானே நிறவெறி அரசு உலகத்துக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த பதிலும்? அடுத்த வருடமே, 2002இல், ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளி அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தெளிவுபடுத்தியது. நம் ஆட்கள் டர்பனுக்குப் போனது வீணாகவில்லை.

தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் நம் தோழர் வெறும் சுற்றுலாப் பயணியாக இருக்க முடியாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். அவருக்கு முன்னால் நம்மவர்கள் அந்த நாட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருக்கிறார்கள்.

உழைக்கும் உடல், ஓடும் உடல்

இப்போது நம் இயக்கத் தோழர்களின் கேள்விக்கு வருகிறோம். வன்கொடுமைகள் நடந்துகொண்டிருக்கும்போது இதெல்லாம் ஆடம்பரம் இல்லையா?

நம் சமூகத்தின் உடலைச் சாதி எதற்காக ஏற்றுக்கொண்டது? உழ, நாற்று நட, மூட்டை தூக்க, பறையடிக்க, பிணம் சுமக்க, மலம் அள்ள. இழவுச் செய்தி சொல்ல ஊர் ஊராக ஓடியவர்கள் நம் தாத்தாக்கள். தீ வைத்தபோது கைக்குழந்தையோடு இருட்டில் ஓடியவர்கள் நம் பாட்டிகள். நாம் ஓடாத இனம் அல்ல. ஆனால் நமக்காக, நம் விருப்பத்துக்காக, காற்று முகத்தில் பட வேண்டும் என்பதற்காக மட்டும் ஓடியதுதான் குறைவு. ஓய்வும் ரசனையும் அழகும் உழைப்பை வாங்குகிறவனுக்கு, உழைப்பு மட்டும் நமக்கு என்பதுதான் சாதியின் பங்கீடு. 'உனக்கு எதற்கு இதெல்லாம்' என்று ஆதிக்கச் சாதி கேட்ட கேள்வியை நாமே நம் பிள்ளைகளிடம் கேட்க வேண்டுமா?

பல்வங்கர் பாலு என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாமர் சமூகத்தில் பிறந்தவர். புனேவில் வெள்ளையர் கிளப் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, அங்கே வந்த வெள்ளைக்காரர்களுக்குப் பந்து வீசிப் பழகி, பெரிய பந்துவீச்சாளர் ஆனார். இந்து அணியில் சேர்த்துக்கொண்டார்கள், அவர் பந்து வீச்சில் ஜெயித்தார்கள், ஆனால் தேநீரைத் தனிக் குவளையில் வெளியே வைத்துக் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து போன அகில இந்திய அணியில் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். பிற்காலத்தில் பாபாசாகேபோடு அரசியலில் அவர் முரண்பட்டார், தேர்தலில் எதிர்த்தும் நின்றார். அது தனியாக விவாதிக்க வேண்டிய வரலாறு. ஆனால் கடல் கடந்து ஆடிய அந்தக் கை, தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கை. அதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அது என்ன கொடுத்திருக்கும் என்று நாம் உணர முடியும்.

வன்கொடுமைக்கு எதிராக நிற்பதும் கடலோரச் சாலையில் ஓடுவதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. செத்தால்தான் செய்தி, எரிந்தால்தான் கூட்டம் என்று நம் வாழ்க்கையைத் துயரத்தாலேயே அளந்துகொண்டிருந்தால், நாம் எதற்காகப் போராடுகிறோம் என்பதே மறந்துபோகும். நல்ல வாழ்க்கைக்காகத்தானே போராடுகிறோம்? நல்ல வாழ்க்கையில் ஒரு கடலும் ஒரு மலையும் இருக்கக் கூடாதா?

போகிற தோழருக்கும் போகாத நமக்கும்

தோழருக்குச் சில வார்த்தைகள். ஓட்டப் பாதையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நூர்ட்ஹூக் பக்கத்தில் மசிபுமெலெலே என்ற குடியிருப்பு இருக்கிறது. ஹவுட் பே மலைச்சரிவில் இமிசாமோ யெத்து இருக்கிறது. 2017 மார்ச்சில் அங்கே பிடித்த பெருந்தீயில் ஆயிரக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். துறைமுகத்துக்கு மேலே ஹாங்பெர்க் இருக்கிறது. 2010இல் அங்கே வீடுகளை இடிக்க வந்த போலீஸ் ரப்பர் குண்டுகளால் சுட்டதில் சிலர் கண்ணை இழந்தார்கள். இது நிறவெறி முடிந்து 16 வருடம் கழித்து நடந்தது. தனித்தனி வசதிகள் சட்டம் 1990இல் ரத்தானது, 1994இல் எல்லோரும் வாக்களித்தார்கள். ஆனாலும் உலகின் மிக மோசமான ஏற்றத்தாழ்வு உள்ள நாடுகளில் ஒன்று என்று உலக வங்கி தென்னாப்பிரிக்காவைத்தான் சொல்கிறது. அழகான கரையில் பெரிய வீடுகள், மலைச்சரிவில் தகரக் கொட்டகைகள். சட்டத்தை ஒரு நாளில் ரத்து செய்யலாம். வரைபடத்தை மாற்றத் தலைமுறைகள் ஆகும். ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கிற மாநிலத்திலிருந்து போகிற உங்களுக்கு இது முதல் பார்வையிலேயே புரியும். ஆனால் அந்த மக்களைக் காட்சிப் பொருளாக்கிப் படம் எடுக்காதீர்கள். முடிந்தால் பேசுங்கள். நம்முடைய கதையையும் சொல்லுங்கள்.

இனி நமக்கு. விமானக் கட்டணம், விசா, தங்குமிடம், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஒரு கூலிக் குடும்பத்தின் பல மாத வருமானம். தோழர் யாரிடமும் கைநீட்டவில்லை. ஆனால் ஒரு நூறு ரூபாய் கொடுப்பதைச் செலவாகப் பார்க்க வேண்டாம் என்று எங்கள் வட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். ஒருவர் போய் வந்தால் பத்துப் பேருக்கு வழி தெரியும்.

அதைவிட முக்கியமான வேலை இங்கே இருக்கிறது. அரசு நல விடுதிகளில் எத்தனை விடுதிக்கு மைதானம் இருக்கிறது என்று உங்கள் மாவட்டத்தில் கணக்கெடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஷூ கேளுங்கள், பயிற்சியாளர் கேளுங்கள், மாணவியர் விடுதிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று. அந்த ஊர்த்தெருவில் தோழர் தனியாக ஓட வேண்டாம் என்று அவருடைய அம்மா சொன்னது சரிதான். அதனால் நாங்கள் சேர்ந்து ஓடப் போகிறோம். வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில், விடிந்த பிறகு, ஆணும் பெண்ணுமாக, ஷூ இருப்பவர் ஷூ போட்டு, இல்லாதவர் செருப்புப் போட்டு, நேர்வழியில். யாரையும் சீண்டுவதற்கு அல்ல. 15(2) சொல்லும் சாலை அது. யாராவது தடுத்தால் சட்டம் எங்கள் பையில் இருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தெரு இருக்கும். எந்தத் தெரு என்று உங்களுக்குத் தெரியும்.

சாப்மன்ஸ் பீக்கில் 114 வளைவுகள் உண்டு. நம் ஊர்த்தெருவில் வளைவே கிடையாது. நேராகத்தான் இருக்கிறது, ஓடுவோம்.

ஜெய்பீம்!